சொந்தப் பூசணியை ஏலம் எடுத்தவள்

தனியாக இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்றே ஒன்றுதான். நாய் வளருங்கள், பூனை வளருங்கள், தொட்டியில் மீன்கூட வளருங்கள். காய்க்கு மட்டும் பெயர் வைக்காதீர்கள். நாய்க்குப் பெயர் வைத்தால் கூப்பிட்டதும் வரும். பூசணிக்காய்க்குப் பெயர் வைத்தால் மானம்தான் போகும். என் மானம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபையே பார்த்துக்கொண்டிருக்க, மைக் வைத்துப் போயிற்று.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். "இன்னும் ஒரே வருஷம்" என்று சொல்லிவிட்டுப் போனவர். அந்த ஒரு வருஷம் இழுத்துக்கொண்டே போகிறது. மகள் கல்யாணமாகிக் கோவையில் இருக்கிறாள். முத்தாபுதுப்பேட்டையில் இரண்டாவது மாடி பிளாட்டில் நானும் ஃபிரிட்ஜும் குடியிருந்தோம். ஃபிரிட்ஜாவது அவ்வப்போது "ம்ம்ம்" என்று ஏதாவது சொல்லும். கடையில் பூசணி கேட்டால் கடைக்காரர் கத்தியை வைத்துக்கொண்டு, "ஒரு ஆளுக்குத்தானே?" என்று கேட்டு மெல்லிசாக ஒரு பத்தை போடுவார். அந்தக் கேள்விக்காகவே கடையை மாற்றினேன். புதுக் கடைக்காரரும் அதையேதான் கேட்டார். (எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள் போலிருக்கிறது.)

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஏரியைத் தூர் வாரி, ஆக்கிரமிப்புகளை எடுத்து, கரையோரம் நீளமாக ஒரு துண்டு நிலத்தை மீட்டிருந்தார்கள். சும்மா விட்டால் மறுபடி யாராவது கொட்டகை போடுவார்கள், இல்லையென்றால் குப்பை கொட்டுவார்கள். அதனால் அதைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கே காய்கறி போட வருஷக் குத்தகைக்கு விட்டார்கள். நிலம் அரசாங்கத்துடையது, விளைச்சல் நம்முடையது. ஆனால் வேலி கூடாது, போர்வெல் போடக் கூடாது, ரசாயன உரம் கூடாது, விளைந்ததை விற்கவே கூடாது. வீட்டுக்கு எடுத்தது போக மிச்சத்தை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்க வேண்டும்; கொடுக்காதவர்களின் பாத்தி அடுத்த வருஷம் வேறொருவருக்குப் போய்விடும்.

மற்றவர்கள் எல்லாரும் போர் போடுவதற்காகச் சண்டை பிடித்தார்கள். எனக்கோ அந்தக் கடைசி நிபந்தனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் பாத்தியே எடுத்தேன். வெறுங்கையோடு போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட முடியுமா? கையில் நாலு கத்திரிக்காய் இருந்தால் தட்டலாம்.

என்ன கைராசியோ, புடலை காய்த்துத் தள்ளியது. முதல் பறிப்பை முந்தானையில் ஏந்திக்கொண்டு எதிர் வீட்டு பெல்லை அடித்தேன். கிரில்லுக்குப் பின்னால் பாதி முகம் தெரிந்தது. "வேணாம்மா, இப்பதான் வாங்கினோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். (அடிப்பாவி, எதிரிலேயே குடியிருக்கிறேன்!) கீழ் வீட்டில் கிலோ என்ன விலை என்று கேட்டார்கள். சும்மா தருகிறேன் என்றதும் சந்தேகமாகப் பார்த்தார்கள். மேல் வீட்டில் பெல் அடித்ததும் டி.வி. சத்தம் நின்றது, கதவு திறக்கவில்லை. அந்த வாரம் முழுக்கப் புடலங்காய்க் கூட்டு, புடலங்காய்ப் பொரியல், புடலங்காய் பஜ்ஜி. எல்லாவற்றையும் நானே தின்று தீர்த்தேன். அப்புறம் யார் கதவையும் தட்டவில்லை. எனக்கு ரோஷம் ஜாஸ்தி. அழுகையும்தான்.

அந்த ரோஷத்தில் போட்டதுதான் பூசணி விதை. பூசணி என்றால் முழுசாக வைத்திருந்தால் மாதக்கணக்கில் கெடாது. யாரிடமும் கொண்டுபோய் நிற்க வேண்டியதில்லை. பிஞ்சுகள் ஒவ்வொன்றாக வெம்பி உதிர்ந்து, கடைசியில் ஒன்று மட்டும் நின்றது. அதற்கு அடியில் ஈரம் படாமல் பழைய தலையணை உறை ஒன்றை விரித்தேன். சாமுவேல் என்று பெயர் வைத்தேன். மகன் பிறந்தால் வைப்பதற்கென்று எடுத்துவைத்திருந்த பெயர். பிறந்தது மகளாகிவிட்டதால் சும்மா கிடந்தது. தினமும் சாயங்காலம் தண்ணீர் ஊற்றிவிட்டு, அன்று என்ன சமைத்தேன், மஸ்கட்டில் என்ன சொன்னார், எதிர் வீட்டுக்காரி எப்படி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள் என்று ஒன்று விடாமல் அவனிடம் சொல்வேன்.

பக்கத்துப் பாத்தி கன்னியப்பனுடையது. ஆவடி ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் அப்பா காலத்தில் ஏரிக்குக் கீழே நிலம் இருந்ததாம். அதனால் விவசாயம் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். முள்ளங்கி விதைத்துவிட்டு, வளர்ந்திருக்கிறதா என்று தினமும் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கிற ஆள். ஒருநாள் எட்டிப் பார்த்து, "யார்கிட்டக்கா பேசிகினு கீறீங்க?" என்று கேட்டார். போனில் என்றேன். என் போன் அவர் பாத்தி வரப்பில், அவர் துண்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி முள்ளங்கி பிடுங்கப் போய்விட்டார்.

இப்படி இருக்கையில் எங்கள் சர்ச் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் வீட்டில் விளைந்ததையும் செய்ததையும் கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஷாமியானாவுக்குக் கீழே எல்லாம் ஏலத்துக்கு வரும். காசு ஆலயத்துக்கு என்பதால் ஒரு வாழைத்தாரைக்கூட யானை விலைக்கு எடுப்பார்கள். அந்தச் சபைக்குப் போக ஆரம்பித்து மூன்றாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது; "ஸ்தோத்திரம்" தவிர யாரும் என்னிடம் எதுவும் பேசியதில்லை. சாமுவேலைக் கொண்டுபோனால், இவ்வளவு பெரிய காய் யாருடையது என்று நாலு பேர் கேட்பார்களல்லவா? காணிக்கை கொடுப்பது விற்பனை ஆகாது என்று நானே ஒரு தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

கன்னியப்பன் ஆட்டோவில்தான் போனேன். சாமுவேலை மடியில் வைத்துக்கொண்டேன். வழி நெடுக அவன் மேல் தூசி படாமல் முந்தானையால் மூடிக்கொண்டே போனேன்.

யாரும் கேட்கவில்லை. படைத்தேன், வந்து உட்கார்ந்தேன், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், அவ்வளவுதான். ஏலம் தொடங்கியது. சபைச் செயலாளர் சாமுவேலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். முதல் ஆளாகக் கை தூக்கியவர் அன்றைக்குப் பந்திக்குச் சமைக்க வந்த மாஸ்டர். "குடுங்க, நறுக்கி சாம்பார்ல போட்டுடலாம்" என்றார். வெட்டுகிற மாதிரி கையையும் காட்டினார்.

என் கை தானாக மேலே போனது. நான் தூக்கவில்லை, அதுவாகப் போனது என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

மாஸ்டர் உடனே விலகிக்கொண்டார். ஆனால் பின்னால், கேட் பக்கமிருந்து இன்னொரு கை எழுந்தது. ஷாமியானாக் கம்பம் மறைத்ததில் கை மட்டும்தான் தெரிந்தது. நான் ஏற்றினேன், அந்தக் கையும் ஏற்றியது. யாரோ காசு கொழுத்த ரியல் எஸ்டேட் புரோக்கராக இருக்க வேண்டும், திமிரைப் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஏற்றினேன். செயலாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கூட்டம் கை தட்டியது. மெதுவாக எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. மூன்று வருஷமாக எந்தப் பார்வைக்கு ஏங்கினேனோ அந்தப் பார்வை. அனுபவிக்கத்தான் முடியவில்லை, அந்தக் கை மறுபடி எழுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!"

எவ்வளவுக்கு என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டுக்காரரிடமே இன்று வரை பாதிதான் சொல்லியிருக்கிறேன். காய் யார் கொடுத்தது என்று செயலாளர் மைக்கிலேயே விசாரித்தார். நான்தான் என்றேன். ஷாமியானாவே சிரித்தது பாருங்கள், அப்படியொரு சிரிப்பு. எங்கள் சபைப் போதகர் ஐயர் மட்டும் சிரிக்காமல், என் தாராள மனசுக்காக ஒரு விசேஷ ஜெபம் பண்ணினார். அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

சாமுவேலை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினேன். ஏலம் முடிந்ததுமே கோபத்தில் வெளியே வந்துவிட்ட கன்னியப்பன், ஆட்டோ சக்கரத்தை உதைத்துக்கொண்டு, என் குரல் கேட்டும் திரும்பாமலே நின்றார்.

"காலைல அத்த மடில வெச்சிகினு வந்தீங்க. உங்க மூஞ்சே சரியில்ல. சரி, நம்பளே எடுத்துகினு போய் ஊட்டாண்ட குடுத்துரலாம்னு கை தூக்கினேன். வளையக் கை மட்டுந்தான் தெரிஞ்சுது, எவளோ ஒருத்தி உடாம ஏத்திகினே போறாக்கா. செம காண்டாயிருச்சு" என்றார்.

இடுப்பிலிருந்த சாமுவேலை அவர் முன்னால் நீட்டி, அந்த எவளோ ஒருத்தி நான்தான் என்றேன். புரிந்ததும் அவர் ஆட்டோவை ஸ்டார்ட் செய்தார். வீடு வரும் வரை கண்ணாடியில் அவர் தோள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டே இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஏலத்தை யாரோ வீடியோ எடுத்து ஊர் வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் பாத்திகளின் மேற்பார்வையாளர் வந்து நின்றார். விளைந்ததை விற்றதாகப் புகார் வந்திருக்கிறது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். வீடியோவில் இருக்கும் பூசணியை எதில் மறைப்பது?

"வித்தது யாரும்மா?"

"கோயில்ல சார்."

"வாங்கினது?"

"நான்தான்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். உங்கள் காயை நீங்களே காசு கொடுத்து வாங்கினீர்களா, எதற்கு என்று கேட்டார். சாம்பாரில் போடப் பார்த்தார்கள் சார் என்றேன். இதற்கு எந்த விதியின் கீழ் நடவடிக்கை எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சரி, அத விடுங்க. மிச்சக் காயெல்லாம் அக்கம்பக்கத்துல யாருக்குக் குடுத்தீங்க? ஒரு பேரு சொல்லுங்க, போதும்."

ஒரு பெயர். யோசித்தேன். எதிர் வீட்டுக்காரியின் பெயர் எனக்குத் தெரியாது. கீழ் வீடு, மேல் வீடு, ஒன்றும் தெரியாது. என் பெயரும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஏலத்தில் எல்லாரும் சிரித்தபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. பாத்தி போய்விட்டது, இனிமேல் சாயங்காலம் எங்கே போவேன் என்றுதான் நினைத்தேன்.

கன்னியப்பன் கையில் பிடுங்கிய முள்ளங்கியோடு எழுந்து வந்தார்.

"எங்க ஊட்டுக்குத்தான் சார். வாரா வாரம் காய் வருது. எங்கூட்டுக்காரிக்கு அக்கா காய்னா உசுரு."

சுத்தப் பொய். அவருக்கு ஒரு பச்சை மிளகாய்கூட நான் கொடுத்ததில்லை. அவருக்கென்று ஒரு பாத்தி இருக்கிறதே, அவருக்கு எதற்கு என்று நினைத்திருந்தேன்; அந்தப் பாத்தியில் ஊசி முள்ளங்கி தவிர எதுவும் வரவில்லை என்பதை தினமும் பார்த்துக்கொண்டேதான் அப்படி நினைத்தேன். மேற்பார்வையாளர் முள்ளங்கியைப் பார்த்தார், நம்பிவிட்டார்.

பொய்யை உண்மையாக்க வேண்டுமே. அன்று ராத்திரியே சாமுவேலைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அமுதா காயைக் கையில் வாங்கி, என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதானாக்கா சாமுவேலு? சாமுவேல் இப்டி வளந்துட்டான், அப்டி வளந்துட்டான்னு தெனம் வந்து சொல்வாரு. நானு உங்க புள்ளன்னு நெனச்சிகினு இருந்தேன்."

சிரித்தோம். அவள்தான் வெட்டினாள், நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன். குழம்பு நன்றாகவே இருந்தது. ஒரு ஆளுக்கா என்று யாரும் கேட்காமல் இரண்டாவது முறையும் ஊற்றினார்கள்.

பாத்தி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எதிர் வீட்டுக்காரி இன்னும் கிரில்லுக்குப் பின்னால்தான் இருக்கிறாள். சபையில் எல்லாருக்கும் என்னைத் தெரியும். பெயர்தான் "பூசணிக்கா அக்கா". ஒவ்வொரு வருஷமும் ஏலம் தொடங்குமுன் செயலாளர் மைக்கில், "அக்கா, கையக் கட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார்.

மஸ்கட்காரருக்கு இது நல்ல வசதியாகப் போய்விட்டது. முன்பெல்லாம் போனை வைக்கும்போது ஏதாவது சாக்குச் சொல்வார். இப்போது, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்கிறார். "மூணு தரம்" என்று நான் சொன்னதும் வைத்துவிடுவார். மகளும் கற்றுக்கொண்டுவிட்டாள், மாப்பிள்ளைகூட அப்படித்தான் வைக்கிறார்.

மஸ்கட்டுக்கு மட்டும் சில நாள் நான் மூணு தரம் சொல்வதில்லை. சும்மா இருப்பேன். அவருக்கும் தெரியும், அவரும் வைக்க மாட்டார்.