பெரட்டுப் பலகையில் குறுக்கெழுத்து

கருத்தப்பாண்டி குடையை மடக்கித் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். மழை கொட்டுகிறது. ஆனாலும் விரிப்பதாக இல்லை.

"இது என்னையச் சொல்லுதுதானே, ரைட்டரே?"

ஊசிக்கானல் தேயிலை எஸ்டேட்டில் விடிந்ததும் ஆட்கள் கூடுகிற இடம் பெரட்டுக்களம். அங்கே இருந்த கரும்பலகையில், 'ஏழாம் நம்பர் காடு – கொழுந்து' என்ற வரிக்குக் கீழே, முத்து முத்தான எழுத்தில் அன்றைய பொன்மொழி இருந்தது: 'குடைக்குக் கீழே நிற்பவன் மழையை அளக்க முடியாது.'

"பாண்டி, இது தேதி கிழிக்கிற காலண்டர்ல இருந்தது. ஒலகத்துக்கே பொதுவாச் சொன்னது" என்றார் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் சுவக்கீன்.

"ஒலகத்துல யாரு எங்க குடை பிடிக்கான்னு எனக்குத் தெரியாது. இந்தக் காட்டுல கங்காணின்னு குடை பிடிச்சு நிக்கிறது நான் ஒருத்தன்தான். பொம்பளையாளுக பூராம் என்னையப் பாத்துச் சிரிக்காளுக."

சிரிக்கத்தான் செய்தார்கள். அதில் கொழுந்து பறிக்கிற வேலுத்தாயின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

சுவக்கீன் கலங்கவில்லை. கலங்குவது அவர் வழக்கமில்லை. போடியிலிருந்து பஸ்ஸில் ஒரு நாள் பிந்தி வரும் பேப்பரின் குறுக்கெழுத்தைப் பேனாவால் நிரப்புகிற ஆள் அவர். பென்சில் எல்லாம் சந்தேகப் பிராணிகளுக்கு. அந்த மாதக் கடைசியில் பெரிய கிளார்க் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி யாருக்கு என்று மேனேஜராகப் புதிதாக வந்த வடக்கத்தித் துரைதான் முடிவு செய்ய வேண்டும். அவரோ வந்த வாரமே, தொழிலாளிகளுக்குத் தினம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்று சொல்லியிருந்தார். சுவக்கீனுக்கு அது போதாதா? காலண்டரைக் கிழித்தார், பலகையில் எழுதினார், நாற்காலியில் பாதி உட்கார்ந்தாயிற்று என்றே நினைத்தார்.

பெரட்டுப் பலகையில் இருப்பது கம்பெனி உத்தரவு என்பது ஊசிக்கானலில் சட்டம். அதில் ஒருவன் சும்மா அழகுக்காக எழுதுவான் என்று அந்த மலையில் யாரும் கனவிலும் நினைத்ததில்லை. இது மட்டும் சுவக்கீனுக்கு உறைக்கவில்லை.

"நாளைக்கு உமக்கு ஒரு மருந்து எழுதிப் போடுறேன். போரும்" என்று பாண்டியை அனுப்பிவைத்தார்.

மறுநாள் பலகையில் மருந்து இருந்தது: 'மேற்பார்வை இல்லாத உழைப்பு, மேய்ப்பன் இல்லாத மந்தை.'

கருத்தப்பாண்டி குளிர்ந்துபோனார். குடையை விரித்து, கோயில் தேர் மாதிரி முன்னால் நடந்தார். ஆனால் பின்னால் ஒரு ஆளும் வரவில்லை.

"ரைட்டரய்யா, மந்தைன்னா ஆடுதானே?" என்று கேட்டாள் வேலுத்தாய்.

"அது உவமை, வேலுத்தாய்."

"என்னமோ ஒண்ணு. கம்பெனி எங்கள ஆடுன்னு எழுதிப் போட்டிருக்கு. சரி, நாங்களும் ஆடு மாதிரியே மேயுதோம்."

சொன்னபடியே செய்தார்கள். ஒரு செடியில் ஒரு கொழுந்து, அடுத்த செடியில் ஒரு கொழுந்து, நடுவில் நின்று அசை போடுகிற மாதிரி வெற்றிலை. சாயங்காலம் கூடையை நிறுத்தபோது தராசு முள் வெட்கப்பட்டு நின்றது. எஸ்டேட்டுக்கு என்ன கேடு வந்தது என்று ஃபாக்டரியிலிருந்து கேள்வி வந்தது. அந்தக் கேள்வி துரை பங்களாவுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? சுவக்கீனின் நாற்காலிக்கு ஒரு கால் ஆட ஆரம்பித்தது.

அன்று சாயங்காலம் குவார்ட்டர்ஸில் அவர் பேப்பரை விரித்தார். கூரையிலிருந்து ஒரு சொட்டு சரியாகக் குறுக்கெழுத்தின் மேல் விழுந்தது. மை பரவியது.

"பிலோமி, அந்தச் சட்டிய எடுத்து இங்க வை."

சுவக்கீனின் மனைவி பிலோமி சட்டியை வைத்தாள். வீட்டில் ஏற்கெனவே நாலைந்து சட்டி, குண்டான்களில் தாளம் கேட்டுக்கொண்டிருந்தது.

"லயத்து வீட்டு ஆளுக கூரைக்கு எழுதிக் குடுத்த மனு ஒங்க மேசைக்குள்ளதானே கெடக்கு? தொரைகிட்டக் குடுத்தா என்னங்க? அவுக வீட்டுக்குள்ளயும் மழை, நம்ம வீட்டுக்குள்ளயும் மழை."

"கொஞ்சம் பொறு. இப்பப் போயி கூரை ஒழுகுது, கொடம் ஒழுகுதுன்னு நின்னா, தொந்தரவு பிடிச்ச ஆளுன்னு தொரை நெனப்பாரு. பெரிய கிளார்க் ஆனதும் மொதக் கையெழுத்தே கூரைக்குத்தான்."

"இதத்தான் மழை பிடிச்ச நாள்ல இருந்து சொல்றீக."

"இப்ப அதா பிரச்சினை? நாளைக்குப் பலகையில என்ன எழுதுறதுன்னு மண்டை காயுது. எத எழுதினாலும் ஒருத்தன் என்னையத்தான் சொன்னேன்னு வாறான். யாரையும் சொல்லாத ஒண்ணு வேணும்."

பிலோமி சொட்டிய மையை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதையே வரஞ்சு போடுங்களேன். கட்டத்துக்கு யாரு கோவிப்பா?"

சுவக்கீன் அசந்துபோனார். பொன்மொழி மனிதரைக் குத்தும். குறுக்கெழுத்து யாரைக் குத்தும்? அறிவும் வளரும், துரையும் மெச்சுவார். இது தனக்கே தோன்றியிருக்க வேண்டியது என்று நினைத்தார். பெரட்டுக்களத்துக்குக் கிளம்புவதற்குள் தனக்குத்தான் தோன்றியது என்றும் முடிவுக்கு வந்துவிட்டார்.

"கரும்பலகையில கறுப்புக் கட்டம் எப்படித் தெரியும்?" என்று வாசலில் நின்று யோசித்தார்.

"செவப்பு சாக்பீசு அலமாரியில இருக்கு" என்று எடுத்து நீட்டினாள் பிலோமி. "நானும் ஜெபமாலைக்கு லயத்துப் பக்கம் போயிட்டு வாறேன். பிந்தினா தேடாதீக."

அக்டோபர் மாதம், ஜெபமாலை மாதம். சுவக்கீன் தேடவில்லை. பலகையில் வரிசை வரிசையாகக் கட்டம் போட்டார், எண் போட்டார், கீழே குறிப்பு எழுதினார், மூலைக்கட்டம் உட்பட வேண்டிய இடங்களில் சிவப்பு அடித்தார். தூர நின்று பார்த்தபோது அவருக்கே கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் விடிந்தபோது பெரட்டுக்களம் இழவு வீடாக இருந்தது.

வேலுத்தாய் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளைச் சுற்றிப் பெண்கள் தரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்கள்.

"என்ன வேலுத்தாய், யாருக்கு என்ன?"

"எங்களுக்குத்தான். ரெண்டாம் லயத்துல மூணாவது வீடு எங்களுது. காலி பண்ணச் சொல்லிச் செவப்பு அடிச்சிருக்கீகளே, எந்தக் காட்டுக்குப் போவோம் நாங்க?"

சுவக்கீன் பலகையைப் பார்த்தார். எதிர்ச்சரிவைப் பார்த்தார். ஒன்றன்கீழ் ஒன்றாக லயங்கள், ஒவ்வொன்றிலும் வரிசையாக வீடுகள், வீட்டுக்கு வீடு எண். பலகையிலும் அதேதான் இருந்தது.

"ஐயோ, இது வீடில்ல. குறுக்கெழுத்து. பேப்பர்ல வர்ற வெளையாட்டு. கீழ பாருங்க, 'இடமிருந்து வலம்', 'மேலிருந்து கீழ்'."

அவ்வளவுதான். மேல் லயத்துக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

"அப்ப மேல இருக்குற எங்களக் கீழ எறக்கப் போறீக."

"எறக்கல. மேலிருந்து கீழ எழுத்து வரும்."

"எழுத்து வந்தாச்சா? உத்தரவு கையில இருக்கா?"

சுவக்கீன் துணியை எடுத்துக் கடைசி வரிசையின் சிவப்பை அழித்தார். அந்த லயத்துக்காரர்கள் கும்பிட்டார்கள். மற்ற லயத்துக்காரர்கள், "அவுக மட்டும் ஒங்க சொந்தக்காரவுகளா?" என்று நெருங்கினார்கள். அவசரமாக மறுபடி சிவப்பு அடித்தார். கும்பிட்டவர்கள் இப்போது சாபம் விட்டார்கள்.

இது விளையாட்டுதான் என்று நிரூபிக்க ஒரே வழி விடையை எழுதிக் காட்டுவது. மளமளவென்று நிரப்பினார். முதல் வரிசையில் 'மாமன்' என்று வந்தது.

"யாரோட மாமனுக்கு எங்க வீட்டக் குடுக்கீக?" என்று கேட்டார் கருத்தப்பாண்டி. அவர் வீடும் அந்த வரிசையில்தான் இருந்தது. இந்தத் தடவை பெண்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவருக்கும் சேர்த்து அழுதார்கள்.

அந்த நேரம் பார்த்துத் துரையின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"என்ன இது? யாரும் காட்டுக்குப் போகலே?"

சுவக்கீனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கட்டத்துக்கும் விடை தெரியவில்லை. நாற்காலி போயிற்று. இருக்கிற ஸ்டூலும் போய்விடும் போலிருந்தது.

தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாத துரை பலகையைப் பார்த்தார். எதிர்ச்சரிவைப் பார்த்தார். விரலால் எண்ணினார்.

"இது... லயம் ரூம்?"

வேலுத்தாய் அழுகையைச் சட்டென்று நிறுத்தி முன்னால் வந்தாள்.

"ஆமா தொரெ. செவப்பு எல்லாம் ஒழுகுற வீடு. ரைட்டரய்யாதான் மழையில நனைஞ்சு வீடு வீடாப் பாத்துக் குறிச்சு வச்சிருக்காக."

இவள் இப்போதுதானே வேறு மாதிரி அழுதாள் என்று சுவக்கீனுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் கட்டத்துக்குப் பொருந்துகிற சொல் தானாக வந்து விழும்போது வேண்டாம் என்று தள்ளுகிறவரா அவர்?

"யெஸ் சார். ரொம்ப நாளா மனசுல இருந்த திட்டம்" என்றார்.

துரை லயத்துக்கு நடந்தார். சிவப்பு அடித்த வீட்டுக்குள் நுழைந்தார், தலையில் சொட்டியது. சிவப்பு அடிக்காத வீட்டுக்குள் நுழைந்தார், அங்கேயும் சொட்டியது. கடைசியில், "அந்தக் கார்னர்லே ஒரு சிவப்பு?" என்று கேட்டார்.

"அது ரைட்டரய்யா குவார்ட்டர்ஸ், தொரெ" என்றாள் வேலுத்தாய்.

குவார்ட்டர்ஸில் பிலோமி நாற்காலியைத் துடைத்து, சட்டி இருந்த இடத்தில் சரியாகப் போட்டாள். சுவக்கீன் கண்ணைக் காட்டினார். அவள் கவனிக்கவில்லை. துரை உட்கார்ந்தார், காப்பியை வாங்கினார். முதல் சொட்டு காப்பிக்குள்ளும் இரண்டாவது மூக்கின் மேலும் விழுந்தன.

"சுவக்கீன்" என்றார் துரை, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எல்லாரும் பேப்பர்லே எழுதறாங்க, நான் படிக்கறதில்லே. நீ மட்டும்தான் மேப் போட்டே."

அடுத்த வாரம் புதுத் தகரம் ஏற்றிய லாரிகள் வந்தன. லயம் முழுக்க வேய்ந்து, குவார்ட்டர்ஸையும் வேய்ந்தார்கள். மாதக் கடைசியில் சுவக்கீன் பெரிய கிளார்க் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலமும் மழை. வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. சுவக்கீன் பேனாவைத் திறந்து பேப்பரை விரித்தார். இரவல் வாங்கிய குண்டானைத் திருப்பித் தர வந்த வேலுத்தாய் நிலைப்படியில் நின்றாள்.

"பாத்தியா வேலுத்தாய்? எல்லாத்துக்கும் மூளை வேணும். ஒங்களுக்குக் குறுக்கெழுத்துன்னா என்னன்னே தெரியாததுனாலதான அன்னைக்கு அந்தக் கூத்து? எப்படியோ நான் சமாளிச்சு நல்லதா முடிச்சேன்."

பிலோமி குண்டானை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். வேலுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"தெரியாமலா, ரைட்டரய்யா? எந்தக் கட்டத்துக்கு யாரு அழணும், தொரை வந்தா யாரு பேசணும்னு, ஜெபமாலைக்கு வந்த அன்னைக்கே பிலோமிக்கா லயம் லயமாப் பழக்கி விட்டுட்டுல்ல போனாக."