நான் திருத்திய கூடை

கணக்கு வாத்தியார் ஓய்வுபெற்றால் வீட்டிலுள்ளவர்களுக்கு ஓய்வு போய்விடும். நான் முறுக்கைக்கூட எண்ணிவிட்டுத்தான் கடிப்பேன். (மருமகள் இதை வியாதி என்பாள்.)

பேத்தி நிவேதா உயர்தர வகுப்பில் உயிரியல் படித்த வருடம் லிந்துலையில் விஞ்ஞானக் கண்காட்சி நடந்தது. முதலிடம் வந்தால் மாகாணப் போட்டி. உடம்பிலுள்ள நுண்ணிய கலம் எப்படி இரை விழுங்குகிறது என்பது அவள் தலைப்பு. கலத்தைப் போர்த்திய மென்சவ்வுக்கு அடியில் மூன்று கால்களுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று கோத்துக் கூடை பின்னுமாம். கூடை வளைய, மென்சவ்வும் குழிந்து இரையை உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். புரதத்துக்குக் கம்பித் துண்டுகள், மென்சவ்வுக்கு ரொட்டிக்கடைக்கார நானா கொடுத்த எண்ணெய் மாவு, இரைக்கு ஒரு மாபிள் குண்டு. மாவோடு அவள் முதல் பஸ்ஸில் போய்விட்டாள். அவள் பின்னி வைத்த கம்பிக் கூடையைக் கொண்டுவரும் பொறுப்பு எனக்கு.

பெட்டியில் வைக்கும்போது கை சும்மா இருக்குமா? எண்ணினேன். அறுகோணிகளுக்கு நடுவே அங்கங்கே ஐங்கோணி! பிள்ளை அவசரத்தில் தவறவிட்டிருக்கிறது என்று பரிதாபப்பட்டேன். எங்கள் லீக்ஸ் பாத்தியைச் சுற்றிய கோழிவலையில் ஒரு கண்ணாவது ஐந்து பக்கமா? எல்லாம் ஆறு. உட்கார்ந்து பிரித்து, எல்லாவற்றையும் ஆறாகவே பின்னினேன். கூடை தட்டையாகிவிட்டது. நேர்த்தி என்று நினைத்தேன்.

மேடையில் பெட்டியைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள். நன்றியெல்லாம் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

வளையத்தில் விரித்திருந்த மாவுக்கு அடியில் அதை வைத்து, மேலே மாபிளை விட்டாள். குழி விழவில்லை. மாபிள் உருண்டு நடுவரின் சப்பாத்துக் காலில் போய் நின்றது.

"அமுக்கு பாப்பா!" என்று கத்தினேன். அவள் அசையவில்லை. நானே மேடையேறி அமுக்கினேன். மாவு கம்பிக் கண்களில் பிதுங்கிக் கிழிந்து, என் கையை மணிக்கட்டுவரை கவ்விக்கொண்டது.

நடுவர் கண்ணாடியைச் சரிசெய்தார். "மகள், இது எந்தப் புரதம்?"

"புரதம் இல்லீங்க சேர். எங்க தாத்தா."

மண்டபம் அடங்க நேரமானது. அவள் மட்டும் சிரிக்காமல் தொடர்ந்தாள்: "ஆறு பக்கம் மட்டும் இருந்தா தட்டையாத்தான் கெடக்கும் சேர். ஊடால ஐங்கோணி வந்தாத்தான் வளையும். தாத்தா அதையெல்லாம் எடுத்துட்டாங்க. குழி ஏன் விழலைன்னு இப்ப எல்லாருக்கும் வெளங்கியிருக்கும்."

நடுவர் கைதட்டினார். ஆனாலும் இரண்டாமிடம்தான். மாகாணத்துக்கு வேறு பாடசாலை போனது.

திரும்பும் பஸ்ஸில் தலவாக்கலை வரைக்கும் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"நகத்துல இன்னும் மென்சவ்வு இருக்கு தாத்தா" என்றாள். சொன்னவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது அவள் பல்கலைக்கழகத்தில். ஆனால் நான் சமையலறைப் பக்கம் தலைகாட்டினாலே மருமகள் மகனுக்குக் குரல் கொடுக்கிறாள்:

"இந்தாங்க, புரதம் வருது! மாவை மூடி வைங்க!"