கொல்லைப்பக்கம் பொரிந்த வடகம்

எனக்குக் கோர்வையா எழுத வராது. அஞ்சாவதோட நின்ன படிப்பு, ஞாபகமும் முன்ன மாதிரி இல்ல. பொறுத்துக்குங்க. ஆனா ஒண்ணு அடிச்சுச் சொல்வேன்: கடலூர் ஓ.டி.யில, அதான் பழைய டவுன்ல, பாரிசு மாமா வடகம் தாளிச்சா, துறைமுகத்துப் படகெல்லாம் கரைப்பக்கம் மூக்கைத் திருப்பும்.

பாரிசை அவர் பார்த்ததே இல்ல. பாண்டிச்சேரியில பிரெஞ்சு பேசுற தமிழ் வீடுகள்ல சமைச்சதால வந்த பேரு. எங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் அவர்தான் சமையல். அங்க பிரெஞ்சும் தமிழும் கலந்து சமைக்கிற கிரியோல் சமையல்னா என்னன்னு கேட்டுட்டா, கேட்டவங்க பஸ்ஸை விட்டுடுவாங்க. வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து பிசைஞ்சு நாம வெயில்ல காயவைக்கிற வடகம் கப்பலேறிப் போயி, பேரை மாத்திக்கிட்டு வெள்ளைக்காரன் மேசையில உக்காந்துச்சாம். அவங்க கறியெல்லாம் நம்ம வடகத்துக்குப் பொறந்த புள்ளைங்கம்பார். பாயசத்துக்கு மட்டும் போடமாட்டார், அதுவும் நாங்க பக்கத்துல நின்னாத்தான்.

சுனாமிக்கு ரெண்டு மூணு வருஷம் கழிச்சு என் மகளுக்குச் சிதம்பரத்துல இடம் வந்துச்சு. கோயிலைச் சுத்தி இருக்கிற வீதிக்காரங்க. ஏற்கெனவே வந்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்த நேரம். நிச்சயத்துக்குக் கத்திரிக்காய் கொத்சு வேணும், கோயில்ல படைக்கிற மாதிரி வெங்காயம் பூண்டு இல்லாமன்னு மாப்பிள்ளையோட அம்மா சொல்லியனுப்பினாங்க.

வடகம் இல்லாத சமையலுக்குக் கரண்டியத் தொடமாட்டேன்னு மாமா உக்காந்துட்டார். என் வீட்டுக்காரர் காலைப் பிடிக்காத குறை. கடைசியில எழுந்தார்.

"கொத்சுல போடல மாப்ளே. வாசனைக்குத் தடை ஒண்ணும் இல்லையே?"

பந்தியில சம்பா சாதமும் கொத்சும் நல்லாத்தான் போச்சு. அப்பப் பார்த்து கொல்லைப்பக்கம் நல்லெண்ணெயில வடகம் பொரியுது. மனுஷன் காத்து பார்த்து அடுப்பை வச்சிருக்கார், கையில வீசுறதுக்கு முறம் வேற. சம்பந்தியம்மா கை இலையிலயே நின்னுபோச்சு.

"என்ன வாசனை இது?"

கதவுக்குப் பின்னாடி நின்ன எனக்கு எங்கேருந்துதான் குரல் வந்துச்சோ.

"எங்க கடலூர் வடகம்ங்க. வெங்காயம், பூண்டு எல்லாம் இருக்கு."

"எங்க ஊர்க் கொத்சுலதானே கூடாதுன்னேன்? வடகத்தை யாரு வேணாம்னா? கொண்டாங்க."

மாமா வாணலியோட வந்தார். சம்பந்தியம்மா இலையில வச்சுட்டு, பாரிசுக்கே போயிட்டு வந்தவர் மாதிரி திரும்பி நடந்தார். அன்னைக்கே தாம்பூலம் மாத்தியாச்சு.

இப்ப சிதம்பரத்துல என் மக வடகம் தாளிக்கறப்போ முதல்ல கொல்லைக் கதவைத் திறக்கறா. மாமா காத்து பார்க்கச் சொல்லியிருக்காராம்.

அவர் போயி கொஞ்ச காலமாச்சு. வெள்ளைக்காரன் வடகத்துக்கு வச்ச பேரை மறந்துட்டேன். விவரம் தெரிஞ்சவங்க யாராவது சரிபார்த்துச் சொல்லுங்க. மாமா சொன்ன கதையில தப்பு இருந்தா மட்டும் மெதுவா சொல்லுங்க, அவர் காதுல விழ வேணாம்.