கண்டனக்காவும் நீள மூக்குப் பொம்மையும்

கம்மாபுரத்தில் ஓர் எலெக்ட்ரிக் கடை. பியூஸ் வாங்க வந்த ஒருவர் பீங்கான் கட்டையை எடுத்து மேசைமேல் தட்டிப் பார்த்தார். ணங்! அவ்வளவுதான். வெள்ளை மண் அப்பிய இமைகளோடு கண்டனக்கா எனக்குள் எழுந்து நின்றுவிட்டார். இனி உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார்.

இந்த உலகத்தில் கண்டனக்காவிடம் தப்பித்த அரசாங்கம் ஒன்று உண்டென்றால், அது இன்னும் பதவி ஏற்காத அரசாங்கமாகத்தான் இருக்கும்.

விருத்தாசலத்தை ஒட்டிய ஓர் ஊராட்சி. பெயர் வேண்டாம், தலைவர் கோபித்துக்கொள்வார். அப்போது அங்கே நான் செயலர், அக்கா வார்டு உறுப்பினர். பகலில் அவருக்குப் பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைச் சுரண்டி மூக்கு முழியைத் திருத்துவார். மாலையில் உலகத்தைத் திருத்துவார்.

எதையும் சும்மா திட்டமாட்டார். வன்மையாகக் கண்டிப்பார். அதனால்தான் ஊர் வைத்த அந்தப் பெயர். நிற்காமல் போன திட்டக்குடி பஸ்ஸைக் கண்டித்தார். ஒரு கல்யாணப் பந்தியில் எழுந்து நின்று பாயசத்தைக் கண்டித்தார்: "பெண்ணாடத்துல கரும்பு ஆடிக்கினு நிக்குது, இங்க பாயசத்துல இனிப்பு இல்ல. வன்மையா கண்டிக்கிறேன்!" பயந்துபோன மாப்பிள்ளை வீட்டார் ஆளுக்கொரு பிடி சர்க்கரை கொட்டியதில், அடுத்த பந்திக்குப் பாயசத்தைக் கரண்டியால் வெட்டி வைத்தார்கள்.

"சும்மா கண்டிச்சா போதாதாக்கா? வன்மை எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தம்பி, வருத்தம் தெரிவிக்கிறதுன்னா பொம்மைய வெயில்ல காயவைக்கிறது. கண்டனம்னா சூளையில மொத சூடு. வன்மைன்னா கிளேசு பூசி ரெண்டாஞ்சூடு. அப்பதான் பளபளன்னு நிக்கும்."

ஒருநாள் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஏதோ ஒரு தூரதேசம். அதன் பெயரை அக்கா உச்சரித்த விதத்தில் அந்த நாட்டுத் தூதருக்கே அடையாளம் தெரிந்திருக்காது. ஆட்சியை எதிர்த்துப் பேசியவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மண்பொம்மை செய்பவள். அவள் செய்த குற்றம், அதிபரைப் பொம்மையாக்கி மூக்கை நீளமாக வைத்தது.

"மூக்கு நீளமா வெச்சதுக்கு ஜெயிலா தம்பி? நான் கோணையா வெச்ச மூக்குக்கெல்லாம் கேஸ் போட்டா எனக்குத் தூக்குதான்!" சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "அவ கையப் பாருங்க. வெலங்கு மாட்டியிருக்கான். நெகத்துல மண்ணு இன்னும் காயல. தீர்மானம் எழுதுங்க."

தலைவர் தலையில் கைவைத்தார். "இந்தாம்மா, நமக்குத் தண்ணி டேங்க்கு வரணும். அதுவும் ஒன் வார்டுக்கு. இந்த நேரத்துல இத அனுப்புனா கலெக்டர் ஆபீசுல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுங்க. சிரிச்சா புடிச்சி உள்ள போடாத ஊருதான இது?"

கூட்டத்தில் நான் தீர்மானங்களை வரிசையாக வாசித்தேன். உறுப்பினர்களின் கண்கள் வாழைக்காய் பஜ்ஜித் தட்டில் இருந்தன. குழாய் பழுது? "பாஸு." தெருவிளக்கு? "பாஸு." அயல்நாட்டு அரசின் அடக்குமுறைக்கு வன்மையான கண்டனம்? "பாஸு, பாஸு, அடுத்தது படிங்க."

எனக்கு உச்சி குளிர்ந்தது. அக்கா ஜெயித்துவிட்டார்! அக்காவோ மேசையைத் தட்டினார். "நிறுத்துங்க! காதுல வாங்காம போட்ட பாஸை நான் வன்மையா கண்டிக்கிறேன்."

தலைவர் அழாத குறை. "ஒன் தீர்மானத்த நீயே கண்டிக்கிறியா?"

"ஆமாங்க. பொண்ணு ஒருத்தி ஜெயில்ல கெடக்கறா. பஜ்ஜிய மென்னுக்கினு அவளப் பாஸ் பண்ணுவீங்களா? மறுபடி படிங்க தம்பி. நிறுத்திப் படிங்க."

நிறுத்திப் படித்தேன். மூக்கு, விலங்கு, நகத்து மண், எல்லாம். இப்போது எல்லோருக்கும் கேட்டது. கேட்டதும், டேங்க் கைவிட்டுப் போகுமோ என்று எல்லோருக்கும் பயம் வந்தது. "வழிமொழிய யாராவது இருக்கீங்களா?" என்றார் தலைவர். கண்கள் மறுபடி பஜ்ஜித் தட்டுக்குப் போயின. ஓர் ஆள் எழுந்தால் போதும். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்தத் தைரியமான முகம் கெஞ்சியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எழுந்தவர் மோட்டார்க்காரர். மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் உறுப்பினர், அக்காவுக்கு ஜென்மப் பகை.

"இந்தம்மாவ எனக்குச் சுத்தமா புடிக்காது. எங் கடையக் கண்டிச்சிக் கண்டிச்சே யாவாரத்தப் படுக்க வெச்சிது. நானும் சும்மா இல்ல, வண்டி வண்டியா திட்டியிருக்கேன். திட்டிட்டு ரெண்டு பேரும் அவங்கவங்க வூட்டுக்குத்தான் போனோம்." தலைவர் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போகல. வழிமொழியறேன்."

அதற்குப்பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது. கடைசியாகத் தலைவரின் கை.

தீர்மானத்தைத் தூதரகத்துக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அக்கா, "விட்டுட்டாங்களா?" என்பார். இல்லை என்பேன். "அப்ப மறுபடி படிங்க" என்பார்.

எனக்குக் கம்மாபுரம் பக்கம் மாற்றல் வந்தது. பட்டறையிலிருந்து கையைக்கூடக் கழுவாமல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடிவந்திருந்தார்.

"போற ஊருலயும் கூட்டம் நடக்குமில்ல தம்பி? அங்கயும் இத ஒரு வாட்டி படிச்சிடுங்க. வழிமொழிய ஆளு இல்லன்னா போன் போடுங்க, வந்துடறேன்."

"அந்த ஊர்ல நீங்க மெம்பர் இல்லியேக்கா."

பஸ் நகர ஆரம்பித்திருந்தது. ஜன்னல் கம்பியை விடாமல் கூடவே நடந்தார்.

"அந்தப் பொண்ணு மட்டும் நம்ம ஊரா? நீங்க பயப்படாம படிங்க தம்பி. நான் இருக்கேன்."