கன்னி ராசிக்கு இரண்டு மணி நேரம்

குளியலறைக் கதவை மச்சினன் மூன்றாவது முறையாகத் தட்டியபோது, பத்திரிகை லேஅவுட்காரர் உள்ளே வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சும்மா உட்கார்ந்திருந்தார். குளித்து முடித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"அத்தான், உள்ளே என்னதான் பண்றீங்க?" மச்சினனின் குரல்.

"குளிக்கிறேன்."

"தண்ணிச் சத்தமே கேட்கலையே?"

அவர் குழாயைத் திறந்துவிட்டார். உடனே சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "ஏங்க, தண்ணியை வீணாக்காதீங்க! டேங்க்ல கால்வாசிதான் இருக்கு!"

குழாயை மூடினார். அந்த வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் ஒரே கதவு அதுதான். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, ஒரு மனுஷன் தன் வீட்டில் தனியாக இருக்க வாளிமேல் உட்கார வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு அழுகையே வந்தது.

வீட்டில் மனைவி, மாமியார், மச்சினன் என்று மூன்று பேர். மூவருமே நல்லவர்கள். சிக்கலே அதுதான். கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். மனைவி பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட். யார் எப்போது உட்கார வேண்டும், எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்று ஊராருக்குச் சொல்லிப் பழகியவள்; வீட்டிலும் அப்படியே. மச்சினன் எட்டு மாதமாக ஒரு தொழில் தொடங்கப்போகிறான். என்ன தொழில் என்பது மட்டும் வாரத்துக்கு ஒருமுறை மாறும். மாமியார் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். மூன்று எழுத்தில் ஏதாவது தேவைப்பட்டால்தான் வாய் திறப்பார்.

மாடியில் ஒரு சின்ன அறை சும்மா கிடந்தது. ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரு மரத்தின் மேல்பாதி. ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். லேஅவுட்காரர் இந்த உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான். படிக்கக்கூட வேண்டாம். வாரப் பத்திரிகையில் பக்கம் கட்டும் வேலை அவருக்கு. ஆறு நாள் எழுத்தைப் பார்த்த கண்ணுக்கு இலையைப் பார்த்தால் போதும்.

வாய் விட்டுக் கேட்காமலும் இல்லை. ஒரே ஒரு தடவை கேட்டார். "ஏன், எங்க மேல ஏதாவது கோபமா?" என்று மனைவி ஆரம்பித்தாள். கோபம் இல்லை என்று நிரூபிக்க மூன்று நாள் எல்லோரோடும் சிரித்துப் பேசவேண்டியதாயிற்று.

அன்று வாளிமேல் உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை பிறந்தது. அந்த வீட்டில் மனைவியின் சொல்லுக்கும் மேலே ஒன்று இருந்தது. ராசிபலன். சனிக்கிழமை காலை பத்திரிகை வந்ததும் மனைவி கூடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் சத்தமாகப் படிப்பாள். அவர் கன்னி, அவள் துலாம், மாமியார் மீனம், மச்சினன் தனுசு. ஒரு வாரம் கன்னிக்குப் பச்சை நல்லது என்று வந்ததால், அவர் ஆறு நாளும் ஒரே பச்சைச் சட்டையில் அலுவலகம் போயிருக்கிறார்.

அந்தப் பக்கத்தைக் கட்டுபவரும் அவரேதான். ஜோதிடர் ஒன்பது வருடத்துக்கு முன்னால் பன்னிரண்டு பத்திகளைக் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு மகனோடு வெளிநாடு போய்விட்டார். அன்றிலிருந்து ஒரு பட்டனைத் தட்டினால் போதும். இந்த வாரம் மேஷத்துக்கு உள்ளது அடுத்த வாரம் ரிஷபத்துக்கு நகரும். மீனத்துக்கு உள்ளது சுற்றிக்கொண்டு மேஷத்துக்கு வரும். ஒரு வாசகர்கூடக் கண்டுபிடித்ததில்லை.

புதன்கிழமை பஸ்ஸில், வழக்கம்போல ஒரு துண்டுச் சீட்டில் எழுத்து எண்ணி எழுதினார். நான்கு வரிக்குள் அடங்கவேண்டுமே.

'கன்னி: ஞாயிறு பிற்பகல் மேல்மாடியில் தனித்து அமர்வது மனநிறைவு தரும். குடும்பத்தார் இடையூறு செய்யாதிருப்பது அவர்களுக்கே நலம்.'

அலுவலகத்தில் அதை அடித்துச் சேர்த்துவிட்டுச் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பக்கம் பிழைதிருத்தும் அம்மாவின் மேசைக்குப் போயிற்று. ஜோதிடரின் கையெழுத்துத் தாள்களை இன்றும் இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிற அம்மா அவர். ஆனாலும் ஒன்பது வருடப் பழைய பத்திகளை யார் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள் என்று லேஅவுட்காரர் கவலைப்படவில்லை.

சனிக்கிழமை. மனைவி பத்திரிகையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தாள். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். "கண்ணாடியை எங்கே வச்சேனோ" என்று முனகிக்கொண்டே தட்டுத் தடுமாறிப் படித்தாள்.

"கன்னி. ஞாயிறு பிற்பகல்… மேல்… மேல்மாடியில் தனித்து அமர்வது…"

தன் எழுத்தை அடுத்தவர் வாயால் கேட்பதில் இப்படி ஒரு சுகம் உண்டென்று லேஅவுட்காரருக்கு அன்றுதான் தெரிந்தது. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் எழுத்தையே நகர்த்தி வந்தவர் அவர்.

"அடடே! எனக்கு வேண்டாம்தான். ஆனா போட்டிருக்கே" என்றார்.

"போட்டிருந்தா செஞ்சுதானே ஆகணும்?" என்றாள் மனைவி.

அந்த ஞாயிறு இரண்டு மணி முதல் நான்கு மணிவரை அவர் நாற்காலியில் இருந்தார். ஒரு அணில் கிளையில் ஓடிற்று. கொஞ்சம் காற்று அடித்தது. கீழே பாத்திரம் உருட்டும் சத்தமும், மச்சினன் போனில் யாரையோ "பார்ட்னர்" என்று கூப்பிடும் சத்தமும் தூரத்தில் கேட்டன. தனக்குச் சம்பந்தமில்லாத சத்தம் எவ்வளவு இனிமை! அவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

அடுத்த சனிக்கிழமை மனைவி படித்தாள். "துலாம். ஞாயிறு பிற்பகல் மேல்மாடியில் தனித்து அமர்வது மனநிறைவு தரும்…"

லேஅவுட்காரருக்குப் பகீரென்றது. பட்டன்! பட்டன் அவருடைய பத்தியையும் சேர்த்து ஒரு ராசி நகர்த்திவிட்டது.

ஞாயிறு மதியம் மனைவி ஒரு தலையணையோடு மாடிக்குப் போனாள். இவர் கீழே பாத்திரம் தேய்த்தார். மாமியாருக்கு ஐந்தெழுத்தில் ஒரு பறவை வேண்டியிருந்தது. அதையும் தேடிக் கொடுத்தார்.

இனிமேல் வாராவாரம் புதிதாக எழுதுவது என்று தீர்மானித்தார். இந்தத் தடவை வீட்டையே காலிசெய்துவிடும் திட்டம். 'துலாம்: ஞாயிறு பிற்பகல் குடும்பத்துடன் வெளியே சென்று வருவது ஏற்றம் தரும்.' சீட்டு, தட்டச்சு, சட்டைப் பை.

மனைவி படித்துவிட்டு நிமிர்ந்தாள். "கிளம்புங்க."

"நானா? குடும்பத்தோடன்னுதானே போட்டிருக்கு?"

"அப்ப நீங்க யாரு, பக்கத்து வீடா?"

திரைத்துணிக் கடையில் நான்கு மணி நேரம் ஓடிற்று. நூற்றுப் பத்து வகை பார்த்தார்கள். கடைசியில், பழைய திரையே நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவாயிற்று.

அதற்கடுத்த வாரம், 'கன்னி: வீட்டைவிட்டு வெளியே செல்வதைத் தவிர்க்கவும்' என்று எழுதினார்.

"வெளியே போகக்கூடாதாம். நல்லதாப் போச்சு, வீட்லயே இருக்கீங்க" என்று மனைவி ஏணியைக் கொண்டுவந்து போட்டாள். பரணில் ஆறு வருடத் தூசு இருந்தது. மச்சினன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, கீழே நின்றபடி காளான் வளர்ப்பின் லாபங்களை விளக்கினான்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுத்ததை எழுதினார். 'கன்னி: உடலுழைப்பு ஆகாது. ஞாயிறு முழுவதும் மௌனம் காப்பது மிக நன்று.' பேசாதவனை யார் தொந்தரவு செய்யப்போகிறார்கள்?

மச்சினன் செய்தான். காலையிலேயே எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

"அத்தான், காளானுக்கு இருட்டு வேணும். அமைதி வேணும். ஆள் நடமாட்டமே இருக்கக்கூடாது. நம்ம மாடி ரூம் இருக்கே, அதை எனக்குக் குடுத்துடுறீங்களா?"

லேஅவுட்காரர் இரண்டு கைகளையும் பலமாக ஆட்டினார்.

"அக்கா, அத்தான் கை ஆட்டுறார். என்னன்னு புரியலையே?"

"வேண்டாம்னு சொன்னாரா?" மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்.

"சொல்லலை."

"அப்புறம் என்ன?"

அன்று சாயங்காலமே நாற்காலி படிக்கட்டில் இறங்கி வந்தது. ஜன்னலில் கறுப்புத் துணி ஏறிற்று. நாற்பது வைக்கோல் பைகள் மாடியில் தனிமையை அனுபவிக்கத் தொடங்கின. லேஅவுட்காரர் வாயைத் திறக்காமலேயே தன் அறையை இழந்தார். அந்த வாரம் அவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உள்ளுக்குள் அவ்வளவு வலித்தது.

புதன்கிழமை அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அரைகுறை வேலையெல்லாம் இனி இல்லை. சீட்டில் பெரிதாகக் கோடு போட்டு எழுதினார். 'பன்னிரண்டு ராசிகளுக்கும்: வரும் ஞாயிறு ஒவ்வொருவரும் தனித்தனியே இருப்பது நலம். ஒருவரோடொருவர் பேச்சு வேண்டாம். தனுசு: புதிய தொழிலை ஒத்திப்போடவும், பொருட்களை உடனே அப்புறப்படுத்தவும்.'

சனிக்கிழமை மனைவி அதைப் படித்து முடித்து, அவரை ஒரு முறை பார்த்தாள். மச்சினன் வருத்தப்படவே இல்லை. "காளான் இல்லைன்னா தேனீ" என்று பைகளை இறக்கினான். நாற்காலி மேலே போயிற்று.

ஞாயிறு. மனைவி பின்பக்கத் தாழ்வாரத்தில். மாமியார் தன் அறையில். மச்சினன் வாசல் பக்கம். லேஅவுட்காரர் மாடியில். இரண்டு மணி நேரம் என்ன, நாள் முழுக்க அவருடையதுதான்.

பத்து நிமிடம் அருமையாகப் போயிற்று. அணில் வந்தது, போயிற்று. பிறகு காதைத் தீட்டிக்கொண்டார். பாத்திரச் சத்தம் இல்லை. பார்ட்னர் இல்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் கீழே இறங்கினார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுபடி ஏறி, மறுபடி இறங்கினார். கடைசியில் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ஏன் என்று கேட்க ஒரு குரல் இல்லை.

கதவை யாராவது தட்டமாட்டார்களா என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது. கீழே ஆள் இருந்து, அவர்களை விட்டு மேலே வந்து உட்கார்ந்தால்தான் அது தனிமை. இல்லாவிட்டால் அது வெறும் காலி வீடு. இத்தனை வருடம் தெரியாமல் போயிற்றே என்று நொந்துகொண்டு குழாயை அவரே மூடினார்.

திங்கள்கிழமை காலை முதல் வேலையாகப் பிழைதிருத்தும் அம்மாவின் மேசைக்குப் போய் நின்றார்.

"மேடம், ஒரு தப்புப் பண்ணிட்டேன். ராசிபலன்ல அஞ்சு தடவை நானா சில வரிகளைச் சேர்த்திருக்கேன். இந்த வாரத்திலிருந்து பழையபடியே போயிடட்டும். ஆசிரியர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அந்த அம்மா இழுப்பறையைத் திறந்து ஜோதிடரின் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வாரா வாரம் இதோட ஒப்பிட்டுத்தான் சார் பக்கத்தை அனுப்பறேன். மூலத்துல இல்லாத ஒரு புள்ளியைக்கூட நான் விட்டதில்லை. உங்க வரியெல்லாம் அச்சுக்கே போகலையே?"

"போகலையா?"

"ஒண்ணுகூடப் போகலை. ஏதோ வேலை அலுப்புல விளையாட்டா அடிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

தான் கட்டிய பத்திரிகையை அச்சானபிறகு லேஅவுட்காரர் பிரித்துப் பார்ப்பதே இல்லை. வாரம் முழுக்கப் பார்த்த முகத்தை விடுமுறையில் வேறு பார்ப்பானேன் என்று விட்டுவிடுவார். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

மனைவி கிளினிக்குக்குப் போயிருந்தாள். கொடியில் அவருடைய சட்டைகள் ஐந்தும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கூடத்தில் மாமியார் குறுக்கெழுத்தோடு இருந்தார். லேஅவுட்காரர் அலமாரியிலிருந்து பழைய இதழ்களை இழுத்துப்போட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார். கன்னி: நண்பர்களால் நன்மை. கன்னி: பயணத்தில் கவனம். துலாம்: பிள்ளைகளின் படிப்பில் முன்னேற்றம். மேல்மாடி எங்கேயும் இல்லை, பட்டன் நகர்த்தியதாக நினைத்த துலாத்திலும் இல்லை. மௌனம் இல்லை. தனிமை என்ற சொல்லே இல்லை.

"அத்தை," என்றார், "ஆறு வாரமா சனிக்கிழமை சனிக்கிழமை உங்க பொண்ணு எதைப் பார்த்து ராசிபலன் படிச்சா?"

மாமியார் ஒரு கட்டத்தை நிதானமாக நிரப்பிவிட்டு, தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார்.

"மாப்பிள்ளை, அடுத்த வாரச் சீட்டைக் கொஞ்சம் பெரிய எழுத்துல எழுதிச் சட்டைப் பையில போடுங்க, துவைக்கும்போது எடுத்துப் பத்திரிகைக்குள்ள வச்சு, கண்ணாடி போட்டும் உங்க கையெழுத்தைப் படிக்க முடியாம அவ ரொம்பச் சிரமப்படுறா."