ஒரே மாடல், இரண்டு தீவு

ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு போய் யார் முன்னாலும் வைக்கக் கூடாது. ஆம்பூர் ஷூ கம்பெனியின் சாம்பிள் அறையில் எனக்குச் சொல்லித் தரப்பட்ட முதல் பாடம் இது. சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு பையரிடம் ஒரு ஷூவைக் காட்டினால், வேண்டுமா வேண்டாமா என்று யோசிப்பார். இரண்டைக் காட்டினால், இதுவா அதுவா என்று யோசிப்பார். வேண்டாம் என்கிற சொல்லுக்கு அந்த மேஜையில் நாற்காலி இருக்காது. இந்த வித்தையால்தான் எனக்கு இத்தனை வருடம் சோறு கிடைத்தது. இதே வித்தையால்தான் என் தேனிலவு இரண்டாம் முறையும் கெட்டது.

முதல் முறை கெட்டது கல்யாணமான வாரத்தில். ஊட்டிக்குக் கிளம்ப வேண்டிய காலையில், அவசர ஷிப்மென்ட் என்று கம்பெனி ஜீப் வாசலுக்கு வந்துவிட்டது. (புது மஞ்சள் கயிறோடு போய் லேஸ் கோத்த மணப்பெண் நான் ஒருத்திதான்.) என் கணவர் ஏழுமலை பெட்டியைத் திறந்தார், ஊட்டிக் குளிருக்கென்று வாங்கிய ஸ்வெட்டரை மடித்து பீரோவில் வைத்தார். குடியாத்தத்தில் கைலி நெய்யும் குடும்பம். இழை அறுந்தால் சத்தம் போட மாட்டார்கள், முடிச்சுப் போட்டு ஓட்டுவார்கள். அதற்குப் பிறகு போட்ட திட்டங்களையும் ஒவ்வொரு ஷிப்மென்ட்டாக வந்து தின்றுவிட்டுப் போனது.

மகள் காட்பாடியில் கல்லூரி சேர்ந்த வருடம் அவர் வாயைத் திறந்தார்.

"சுமதி, எதனா தீவுக்குப் போலாம். சுத்தி தண்ணி இருக்கணும். எவனும் ஜீப் அனுப்பி உன்ன இட்டுனு போவ முடியாது."

அந்தக் கடைசி வாக்கியத்தில் இருபது வருடம் இருந்தது. சரி என்றேன்.

எங்கள் இத்தாலிய பையர் தங்கள் நாட்டு சார்டீனியாத் தீவைச் சொன்னார். வரைபடத்தில் தேடினால் அதன் தலைமாட்டிலேயே கோர்சிகா. நடுவில் ஒரு முழம் கடல். ஜோடியாகக் கழற்றிவிட்ட செருப்புகள் மாதிரி இரண்டும் நீலத்தில் கிடந்தன. கீழே வெண்மணல், கண்ணாடித் தண்ணீர், உப்பளத்தில் பூநாரைகள். மேலே கடலிலிருந்து எழுந்து நிற்கும் மலை, வெள்ளைப் பாறையின் விளிம்பில் தொங்கும் ஊர். மகள் அச்செடுத்துத் தந்த படத்தைச் சாப்பாட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினோம். கண்ணாடி சரியாக உட்காராமல், ரசம் உள்ளே இறங்கி, தீவுகளுக்கு நடுவிலிருந்த ஜலசந்தி மஞ்சளாகிப் போனது. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி வெந்துகொண்டிருந்த அந்தக் கோடை முழுக்க, இரவுச் சாப்பாட்டில் எங்களுக்கு உப்புக் காற்று அடித்தது. காலையில் நான் சார்டீனியா, மாலையில் கோர்சிகா. அவரைக் கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்: "நல்லாதான் கீது."

கடைசியில் சாம்பிள் அறை மேஸ்திரி நயீம் பாயிடம் புலம்பினேன்.

"இதுக்கு இன்னா மேடம் இவ்ளோ பேஜாரு? ரெண்டையும் விசாக்காரங்க டேபிள்ல வைங்க. வேணுங்கறத அவங்களே எடுத்துப்பாங்க."

எவ்வளவு எளிமை. சென்னையில் இத்தாலி விசாவுக்கான மையத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு இரண்டு ஃபைலோடு போனேன். நீல ஃபைலில் சார்டீனியா, பச்சையில் கோர்சிகா. இரண்டுக்கும் தனித்தனி ஹோட்டல், தனித்தனி பயணத் திட்டம். பழக்க தோஷத்தில் இரண்டிலும் சாம்பிள் அட்டை வேறு கட்டித் தொங்கவிட்டிருந்தேன்.

"எங்க போறீங்க மேடம்?" என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

பையர்களுக்கென்று வைத்திருக்கும் புன்னகையை எடுத்தேன். "ரெண்டு ஆப்ஷன் இருக்கு. நீங்க எத ஓகே பண்றீங்களோ, அங்க போறோம்."

அவள் பச்சை ஃபைலைத் திறந்தாள். "இது ஃபிரான்ஸ்."

"ஒரே மாடல்தாங்க. கலர்தான் வேற."

"இது இத்தாலி விசா, மேடம்."

(எந்தத் தீவு எந்த நாட்டுக்குச் சொந்தம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. லேபிள் மாறினால் என்ன, சரக்கு ஒன்றுதானே என்கிற ஏற்றுமதித் திமிர்.) பேரம் கைநழுவுகிறது என்று தெரிந்ததும் என் வாய் தானாக ஓடியது. வேண்டுமானால் மால்டா தீவும் பார்க்கலாம் என்றேன்.

அவள் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க சொல்லுங்க. நீங்க எங்க போறீங்க?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இவங்க எங்க போறாங்களோ அங்கதாம்மா. கல்யாணத்துலருந்தே."

பின்னால் வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தபடியே இரண்டு ஃபைலையும் என் பக்கம் தள்ளி, முடிவு பண்ணிவிட்டு வாருங்கள் என்றாள். அடுத்துக் கிடைத்த தேதி ஷிப்மென்ட் காலத்துக்கு நடுவில் இருந்தது. அவ்வளவுதான்.

காட்பாடி வரைக்கும் ரயிலில் என் மடியில் ஃபைல்கள் ஊருக்குத் திரும்பும் ரிஜெக்ட் சரக்காகக் கனத்தன. ஸ்டேஷனில் ஆட்டோ பிடித்தோம். பாலாற்றுப் பாலத்தில் ஒரே கூட்டம். மேலே எங்கோ பெய்த மழைக்கு ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. வண்டிகளை நிறுத்திவிட்டு ஊரே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. வருடம் முழுக்க மணலைத் தவிர வேறொன்றும் காட்டாத ஆறு, சாயங்கால வெயிலைச் சுருட்டிக்கொண்டு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

அவர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினார். நடு ஆற்றில் இரண்டு மணல் திட்டுகள், பக்கம் பக்கமாக. ஒன்றில் நாணல், ஒன்றில் ஒரு கொக்கு.

"இன்னா சுமதி, எது வேணும்?"

பார்த்தேன். நிஜமாகவே யோசித்தேன். "ரெண்டுமே நல்லாதாங்க இருக்கு."

அவர் சிரித்த சிரிப்பில் கொக்கு பறந்துவிட்டது. (அது வேறு காரணத்துக்காகவும் பறந்திருக்கலாம்.) அப்போது பையில் போன் அடித்தது, கம்பெனி எண். அவர் சிரிப்பை நிறுத்தி ஆற்றைப் பார்த்தார். அடித்து முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சுற்றித் தண்ணீராக இருந்தது, சிக்னல் இல்லை என்று மறுநாள் நயீம் பாயிடம் சொன்னேன். பாதி உண்மை.

மகள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். பாலாற்றில் வெள்ளம் என்று செய்தி வந்தால் முதல் போன் அவளுடையதுதான்: "அம்மா, விசா வந்துடுச்சாமே?" உடனே இவர் பீரோவைத் திறப்பார். நானும் போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் பாலத்துக்குக் கிளம்புவேன்.

ஆகவே, வேலூர்ப் புழுக்கத்தில் பாலாற்றுப் பாலத்தின் மேல் ஒரு மனிதர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், தயவுசெய்து சற்று ஒதுங்கிப் போங்கள். அவர் தேனிலவுக்கு வந்திருக்கிறார்.