உண்ணிக்கு நான் வைத்த திருஷ்டிப் பொட்டு

முதலில் மன்னிப்பு. சட்டுவம் பிடித்தே பழகிய கை இது. என் கையெழுத்து, காயும் எண்ணெயில் ஓமப்பொடி பிழிந்த மாதிரி சுருண்டு கிடக்கும். நாலாம் வகுப்போடு நிறுத்தியவன் நான். எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். (அவள் பள்ளியில் படித்தது மலையாளம். ஆகவே மிச்சப் பிழைகளுக்கு அவள்தான் பொறுப்பு.)

லதா டீச்சர் கேட்டு ரொம்ப நாள் ஆகிறது. ஸ்ரீவராகத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் அவர். எங்கள் சேவைக் குழுவை நடத்துகிறவர். "புதுசா வர்ற வாலன்டியர்களுக்கு, என்னெல்லாம் பண்ணப்படாதுன்னு யாராவது எழுதிக் குடுக்கணும். அதுக்கு ஒன்னை விட்டா வேற ஆளே கிடையாது, மணி" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

நான் கல்யாணச் சமையல்காரன். கூச்ச சுபாவம். எவ்வளவு கூச்சம் என்றால், என் கல்யாணத்தில் சாம்பாருக்கு உப்பு குறைவு என்பதை மாமனாரிடம் சொல்ல வெட்கப்பட்டு, பட்டு வேஷ்டியோடு நானே உள்ளே போய்ப் போட்டுவிட்டு வந்தேன். முகூர்த்தம் இல்லாத சனி, ஞாயிறுகளில், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பவர்களுக்கு எங்கள் குழு சோற்றுப் பொதி கொடுக்கும். கரமனையில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் சமையல். பேச வேண்டாம், கிளறினால் போதும் என்பதால் சேர்ந்தேன்.

அங்கேதான் உண்ணி வந்தான். அது அவன் பெயரல்ல. இந்த மாதிரிப் பிள்ளைகளின் பெயரை வெளியே சொல்லக் கூடாது. (இந்த ஊரில் தெருமுனையில் நின்று "உண்ணி" என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும், ஆகவே பயமில்லை.) வித்துரா என்ற மலைப்பக்கத்து ஊர்க்காரன், கரமனையில் சித்தி வீட்டில் இருந்தான். பதினேழு வயது. கூட்டாளிகள் பேச்சைக் கேட்டு யாருடைய பைக்கையோ சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய், ஒரு மதிலில் முட்டி நிறுத்தியிருக்கிறான். சிறார் நீதி வாரியம் (நாங்கள் 'போர்டு' என்போம்) அவனை அடைத்து வைக்கவில்லை. ஆறு மாதம் எங்களோடு சமூக சேவை செய்யட்டும், நல்லபடியாகச் செய்தால் வழக்கு முடிந்தது என்றது. ஜூனில் கொச்சியில் ஓட்டல் சமையல் படிக்க அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. வழக்கு முடியாமல் ஊரை விட்டுப் போக முடியாது. ஆகவே எல்லாம் நாங்கள் சொல்லப்போகும் வார்த்தையில்தான் தொங்கியது.

பையன் தங்கம். அவியலுக்கு நறுக்கினால் துண்டுகள் எல்லாம் ஒரே நீளம். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் ஒரு பெரியவர் பொதியைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நாங்கள் எல்லாரும் ஆளுக்கொரு தூணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உண்ணி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். பொதியைப் பிரித்து, தானும் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டு, அவரையும் சாப்பிட வைத்தான்.

இதை நான் அவனிடம் மெச்சிச் சொன்னேனா? இல்லை. எங்கள் சமையல்கட்டு வழக்கம் அப்படி. அடுப்பில் இருக்கும்போது எதையும் புகழக் கூடாது. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் பெரியப்பா உருளிக்குள் எட்டிப் பார்த்து, "பால் பாயசம் கேமம்!" என்று மெச்சினார். அவர் வாயை மூடுவதற்குள் பால் திரிந்துவிட்டது. (நான் உருளியைச் சரியாகக் கழுவவில்லை என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். அவளுக்குத் தொழில் தெரியாது.) அன்றிலிருந்து, வேலை எவ்வளவு நன்றாக நடக்கிறதோ அவ்வளவு பழித்துச் சொல்வேன். குழந்தை கன்னத்தில் மைப்பொட்டு வைக்கிறோமே, அதுபோல வாயால் ஒரு பொட்டு.

மே மாதக் கடைசியில், போர்டு சார்பில் விசாரிக்க ஒரு மேடம் வந்தார். "ரெண்டே ரெண்டு நல்ல வார்த்தை சொல்லு, மணி. அது போதும்" என்று டீச்சர் முன்னாலேயே சொல்லியிருந்தார். ஒரு வாரமாகக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்: 'நல்ல பையன். பொறுப்பான பையன்.'

மேடம் நுழைந்த நேரம், உண்ணி அடைப்பிரதமன் என்கிற வெல்லப் பாயசத்தைக் கிளறிக்கொண்டிருந்தான். வெல்லம் கொதித்துத் தெறிக்கிறது. அவன் எதிரிலேயே கேட்டார்: "சாமி, பையன் எங்ஙனெ?" ('எங்ஙனெ' என்றால் எப்படி. எங்களைப் போன்ற தமிழ்ப் பிராமணர்களை இங்கே மலையாளிகள் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள்.)

அடுப்பில் பிரதமன். பந்தி ஆகவில்லை. கேட்கிற தூரத்தில் பையன். இப்போது புகழ்ந்தால் அவன் கதி என்ன?

"இவனா? இவனைக் கொண்டு ஒரு பிரயோஜனமும் இல்லை மேடம்" என்றேன்.

மேடம் பேனாவைத் திறந்தார். "நேரத்துக்கு வருவானா?"

"ஆனை அசைஞ்சு வர்ற மாதிரி வருவான்."

"சொன்னா கேப்பானா?"

"கேட்டுட்டாலும்! அந்த ஆட்டுக்கல்லுகிட்டச் சொன்னாலும் கேக்கும்."

"மத்தவங்களோட எப்படிப் பழகுவான்?"

"ஐயோ, அதை மட்டும் கேக்காதீங்கோ!"

அதிகாரிகளிடம் 'ஆமாம்' என்பதற்கு மேல் பேசியறியாத நான், அன்றைக்கு அருவி மாதிரி கொட்டினேன். பேனா ஓட ஓட எனக்கு உற்சாகம். நடுவில் உண்ணியைப் பார்த்துக் கண்ணைக்கூடச் சிமிட்டினேன். (எனக்கு ஒரு கண்ணை மட்டும் சிமிட்ட வராது. அடுப்புப் புகை என்று நினைத்திருப்பான்.) அவன் கை அப்படியே நின்றது. பிரதமன் அடிபிடித்தது. 'பார், இவ்வளவு பழித்தும் அடிபிடிக்கிறது, இன்னும் கொஞ்சம் பழித்திருக்கலாம்' என்றுதான் நான் நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் பின்கட்டுக்கு வந்தார். "என்னடா சொல்லித் தொலைச்சே? பையனுக்கு இன்னும் ஆறு மாசம் நீட்டியிருக்கா!"

காரணத்தைச் சொன்னேன். டீச்சர் தேங்காய் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

மறு விசாரணைக்கு நானும் போனேன். சாதாரண அறை, சாதாரண மேஜை. கறுப்பு அங்கி எதுவும் இல்லை. திருஷ்டி, பிரதமன், பெரியப்பா எல்லாவற்றையும் சொன்னேன். மாஜிஸ்ட்ரேட் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ நீங்க சொன்ன கெட்டதெல்லாம் நல்லதாக்கும்?"

"ஆமா சார். தங்கமான பையன் சார்."

"இப்போ தங்கம்னு சொல்றீங்களே, இதை நான் எப்படி எடுத்துக்கணும்?"

பக்கத்தில் இருந்த மெம்பர் ஃபைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கடைசியில் டீச்சர்தான் எழுந்து, ஆஸ்பத்திரிப் பெரியவர் விஷயத்தைச் சொன்னார். வழக்கு அன்றே முடிந்தது. ஆனால் கொச்சியில் ஆள் சேர்ப்பது அதற்கு முன்பே முடிந்திருந்தது.

வெளியே படியில் நின்ற உண்ணியிடம், "திருஷ்டி படப்படாதுன்னு சும்மா சொன்னதுடா" என்றேன்.

அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சொன்னதெல்லாம் உள்ளதாக்கும்னு நெனச்சேன் சாமி. இத்தனை மாசத்துல ஒருக்கா கூட சாமி நல்லதுன்னு சொன்னதில்லையே."

படிப்பு போனதைவிட, அதுதான் இன்றும் என்னை அறுக்கிறது. மைப்பொட்டு கழுவினால் போய்விடும். இது அவனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டதே.

வீட்டில் இந்தக் கதை இன்னும் ஓயவில்லை. மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, என் மனைவி என்னைச் சமையலறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டாள். "பொண்ணு எப்படின்னு அவா கேட்டா, நீங்க என்ன சொல்லுவேளோ!" ரசம் நன்றாக அமைந்துவிட்டால், மகள் பேனா திறக்கிற மாதிரி விரலைக் காட்டி, "சாமி, ரசம் எங்ஙனெ?" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்புறம் ரசம் இறங்காது.

உண்ணி சில வருஷம் அங்கே இங்கே வேலை பார்த்துவிட்டு, இன்று காலை வித்துராவில், சந்தைக்குப் பக்கத்தில், சின்னதாகச் சாயாக்கடை திறந்தான். கூப்பிட்டிருந்தான். போகாமல் இருக்கத்தான் நினைத்தேன்; மனைவி பஸ் ஏற்றி விட்டாள். முதல் ஈடு பருப்பு வடையை என் கையில் கொடுத்து, "சாமி, எங்ஙனெ உண்டு?" என்று கேட்டான். கடை நிறைய ஆள். எண்ணெய் கொதிக்கிறது. அடுத்த ஈடு உள்ளே கிடக்கிறது. நான் வடையைப் பார்த்தேன், கொதிக்கிற எண்ணெயைப் பார்த்தேன்.

உண்ணி என் முகத்தைப் பார்த்தான். பிறகு, ஓரமாகக் கவிழ்த்திருந்த சட்டியின் அடியில் விரலைத் தேய்த்து, தன் கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு வைத்துக்கொண்டான்.

"இனிப் பேடிக்க வேண்டாம், திருஷ்டி படாது. சொல்லுங்கோ சாமி."

சொன்னேன். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

கரமனை,
2025 ஆகஸ்ட் 17, ஞாயிறு, மலையாளச் சிங்க மாசம் ஒன்று.